லஸ் முனையில் என் முகம்

அக்டோபர் 14, செவ்வாய்

மாவு பொங்கவில்லை. இந்த மழைக் குளிருக்கு அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். தோசையோடு ஒப்பேற்றினேன்.

கீழ்வீட்டு ஜெயராம் காலையில் மாடியேறி வந்து போனை நீட்டினார். இது நீங்கதானே என்றார். நான்தான். சாந்தோம் கல்யாண மண்டபத்து வாசலில், கையில் தீபாவளிப் பையோடு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறேன். படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது: "யாருமில்லாத இந்த மூதாட்டிக்கு இந்தத் தீபாவளியில் நாம் இருக்கிறோம். - தோள் கொடுப்போம் குழு."

ஜெயராம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டார். கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது. தோள் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. தனியாக இருக்கிற வயசானவர்களுக்கு மருந்து வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கூட உட்கார்ந்து பேசுவது. எனக்கும் அறுபத்தேழு ஆகிறதுதான். ஆனால் நான் கொடுக்கிற பக்கம். வேலை பார்த்த காலம் முழுக்க போஸ்ட் ஆபீஸ் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்தவள் நான். எங்கள் குழுவில் உதவி செய்கிறவர்கள் எல்லாரும் தோளில் மஞ்சள் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும், அது அடையாளம். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து துண்டும் தோளுமாகப் பை கட்டினேன். விருந்தாளியாக ஒரு பேங்க் மேனேஜர் வந்தார். அவருக்கு ஒரு துண்டு குறைந்தது. குழுத் தலைவி சாருலதா ஓடி வந்து, "ஆன்ட்டி, உங்களோடத குடுங்க, சார் போட்டோவுல மொட்டையா தெரியறார்" என்றாள். கழற்றிக் கொடுத்தேன்.

அதுதான் தப்பாகிவிட்டது. துண்டு இல்லாமல் வாசலில் நின்றேன். உதவி வாங்க வந்த ஹமீதுன்னிசா என்ற அம்மா தன் பையை என் கையில் திணித்து, புடி, வந்துட்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிடித்துக்கொண்டு நின்றேன். கேமராக்காரன் எடுத்துவிட்டான். துண்டு இருந்தால் உதவி செய்கிறவள், இல்லையென்றால் யாருமில்லாதவள். அவ்வளவுதானாம் வித்தியாசம்.

மகள் அனன்யா இந்த ஞாயிறும் வரவில்லை. மெசேஜ் போட்டிருந்தாள். சரி.

அக்டோபர் 15, புதன்

சாருலதாவுக்குப் போன் செய்து படத்தை எடுக்கச் சொன்னேன். சிரிக்கிறாள். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் தெரியுமா, யார் யாரோ போன் பண்ணி உதவி பண்ணட்டுமா என்று கேட்கிறார்களாம். எழுதினது தப்புதான், கேமராக்காரனுக்குத் தெரியாது, ஆனால் இப்போது எடுத்தால் குழுவின் பெயர் கெடுமாம். தீபாவளி போகட்டுமாம்.

"தப்பா நினைச்சுக்காதீங்க ஆன்ட்டி. உங்க முகத்துல அந்த ஒரு ஃபீல் இருக்கு. தேடினாலும் கிடைக்காது."

என் முகத்தில் என்ன ஃபீல் இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்தேன். மூக்குத்தி இருக்கிறது. வேறு ஒரு இழவும் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

அனன்யா போன் செய்தாள். அவள் மாமியார் குடும்பத்து வாட்ஸப்பில் அந்தப் படத்தைப் போட்டு, இது சம்பந்தியம்மா மாதிரி இருக்கே என்று கேட்டிருக்கிறாள். மாதிரி இருக்கேவாம். என் வீட்டில் எத்தனை தடவை கை நனைத்தவள்.

துண்டுக் கதையைச் சொன்னேன். மேனேஜர், பை, கேமராக்காரன் எல்லாவற்றையும். அனன்யா குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டால் எனக்குப் பயம்.

"பை உன் கையில இருக்கு. கண்ணு கலங்கி இருக்கு. இதுல எதை நம்ப வேண்டாங்கற? எனக்கு யாரும் இல்லன்னு ஊர்ல போய் நிக்கணும்னா, நான் எதுக்கும்மா?"

பக்கத்து அடையாறில் இருக்கிறாள். பாலத்தைத் தாண்டினால் வீடு. தீபாவளிக்கு வரமாட்டாளாம். அதற்கப்புறம் பார்க்கலாமாம்.

கண் கலங்கவில்லை. வெயில் அடித்தது.

சாருலதா, உன்னைச் சும்மா விடமாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஜெயராம் வீட்டிலிருந்து லட்டு வந்தது. இந்த வருஷம் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். படம் பார்த்த புண்ணியம்.

அக்டோபர் 24, வெள்ளி

ஆத்திரத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

கீரை வாங்க லஸ் முனைக்குப் போனேன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ். நான். தலை மட்டும் என் வீட்டு அலமாரி அளவுக்கு இருக்கிறது. "யாருமற்ற முகங்களுக்குத் தோள் கொடுப்போம்." அடியில் ஒரு போன் நம்பர். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஃபிளெக்ஸைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள். கீரைக்காரி கட்டோடு ரெண்டு கொத்தமல்லியைச் சேர்த்து வைத்து, காசு வேணாம்மா, எடுத்துக்கினு போ என்றாள். முப்பது வருஷமாக அவளிடம் பேரம் பேசியிருக்கிறேன். ஒரு கொத்தமல்லி இனாமாகத் தந்ததில்லை. இன்றைக்குத் தந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் இன்னும் அவமானமாக இருக்கிறது. வாங்கிக்கொண்டேனே!

தீபாவளி போகட்டும் என்றாள். தீபாவளி போய்விட்டது, முகம் பெரிசாகிவிட்டது. சாருலதாவுக்குத் திரும்பப் போன் செய்தேன். அந்தப் படத்தைப் பார்த்து யாரோ ஒரு வண்டியே குழுவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வயசானவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக. உங்க முகம் வாங்கிக் குடுத்த வண்டி பாட்டி என்கிறாள். நேற்று வரை ஆன்ட்டி. இன்றைக்குப் பாட்டி.

தோளாம் தோள். தோலை உரிக்கிறேன் பார்.

அக்டோபர் 27, திங்கள்

இரண்டு நாள் யோசித்தேன். போலீசுக்குப் போகலாம், பேப்பர்காரர்களிடம் சொல்லலாம். அதெல்லாம் செய்தால் அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். மன்னிப்பு எனக்கு எதற்கு? வழி வேறு இருக்கிறது, அதை அவளே ஃபிளெக்ஸில் அச்சடித்து வைத்திருக்கிறாள்.

எனக்கு யாருமில்லை. சரி. வாங்கம்மா, தோள் கொடுங்க.

ஃபிளெக்ஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். சாருலதாவே எடுத்தாள். குரலைத் தழுதழுக்க வைத்து, அம்மாடி, கேஸ் சிலிண்டர் மாத்தத் தெரியல, எனக்கு யாரும்மா இருக்கா என்றேன். என் குரல்தான் என்று தெரிந்துகொண்டாள். அப்புறம், வரேன் பாட்டி என்றாள். வராமல் என்ன செய்வாள்? ஊர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறாளே.

வந்து மாற்றினாள். சிலிண்டர் மாற்றுவதில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெகுலேட்டரைத் தலைகீழாக மாட்டப் பார்த்தாள். சொல்லிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 1, சனி

இந்த வாரம் நல்ல வாரம். பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று ரேகை வைக்க வேண்டும். போன வருஷம் நானே நாலு பேரைக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தினவள். இந்தத் தடவை சாருலதா எனக்காக வரிசையில் நின்றாள், நான் நாற்காலியில். ரேகை விழவில்லை என்று இரண்டு தடவை திரும்ப வைக்கச் சொன்னார்கள். விரலில் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவியிருந்தேன்.

முந்தாநாள் காபிப் பொடி அரைத்து வரச் சொன்னேன். கொண்டு வந்ததும், சிக்கரி ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பினேன். நல்ல பொடிதான்.

அவள் வேறு யாரையாவது அனுப்பப் பார்க்கிறாள். வேண்டாம் கண்ணு, நீ வந்தாத்தான் எனக்குத் தெம்பு என்பேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்கும்படி சொல்வேன்.

நவம்பர் 5, புதன்

பரண். பத்து வருஷமாக யாரும் தொடாத பரண். சாருலதாவை ஏற்றினேன். பித்தளைப் பாத்திரம் அத்தனையும் இறக்கினாள். கழுவினாள். காயவைத்தாள். காய்ந்ததும், ஐயோ, எதுக்கும்மா இறக்கின, எனக்கு எதுக்கு இதெல்லாம், மேலயே வெச்சுடு என்றேன். ஏணியில் நின்றபடி என்னைப் பார்த்தாள். தலையெல்லாம் ஒட்டடை. ஏற்றி வைத்தாள்.

அவள் போனபிறகு ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தேன். வயிறு குளிர்ந்தது. ராத்திரி ரெண்டு சப்பாத்தி கூடுதலாக இறங்கியது.

நவம்பர் 9, ஞாயிறு

அனன்யா வரவில்லை. வரமாட்டாள் என்று தெரிந்தும் முருங்கைக்காய் சாம்பார் வைத்துத் தொலைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

இன்றைக்கு வண்டியை வரவழைத்தேன். என் முகம் வாங்கிய வண்டி, எனக்கு வராதா? திருவான்மியூர் கோயிலுக்குப் போகணும், வேண்டுதல் என்றேன். வியாழக்கிழமை வேறு வேலை இருக்கு பாட்டி, சனிக்கிழமை பார்க்கலாமா என்று சாருலதா இழுத்தாள். அழ ஆரம்பித்தேன். அனுப்பிவிட்டாள்.

வண்டிக்குப் பின்பக்கம் என் படம். ஓட்டுபவர் பெயர் அம்மாசி, தங்கமான மனுஷன். அவரிடம் நேர்வழி வேண்டாம், அடையாறு உள்தெரு வழியாகப் போங்க என்றேன். அனன்யா வீட்டுத் தெரு. ஒரு தடவை போனோம். திரும்பி வந்து இன்னொரு தடவை போகச் சொன்னேன். எதுக்கும்மா என்றார். சும்மா, தெரு நல்லா இருக்கு என்றேன். அனன்யா பிளாட்டு வாட்ச்மேன் எழுந்து நின்று பார்த்தான். மூன்றாவது மாடி ஜன்னலில் திரை அசைந்த மாதிரி இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். அவள் அந்நேரம் ஆபீசில் இருப்பாள், எனக்குத் தெரியாதா?

பார்க்கட்டும். யாராவது சொல்லட்டும் அவளிடம், உங்கம்மா வண்டி வந்ததே என்று.

கோயிலுக்குப் போகவே இல்லை. பசித்தது, திரும்பிவிட்டோம்.

நவம்பர் 15, சனி

காலையில் கதவை இடித்தார்கள். திறந்தால் ஹமீதுன்னிசா. அன்றைக்குப் பையைத் திணித்துவிட்டுப் போன அம்மா, அம்மாசியிடம் விலாசம் கேட்டு வந்திருக்கிறார். ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிறது, ஆனாலும் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"என் பையைப் புடிச்சுக்கினு போட்டோ எடுத்துக்கின. போனாப் போவுதுன்னு வுட்டேன். இப்ப என் வண்டியையும் எடுத்துக்கினியா?"

வியாழக்கிழமை அவருக்குக் கண் ஆபரேஷன். மூன்று மாதமாகக் காத்திருந்து கிடைத்த நாள். வண்டி அவருக்காகத்தான். குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வண்டி வரவில்லை. தனியாக ஆட்டோ பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது, நாள் தவறிப்போச்சு, மறுபடி வந்து தேதி வாங்கு என்று சொல்லிவிட்டார்கள். நான் அந்த நேரத்தில் அடையாறில் ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியாதுங்க என்றேன். எனக்கே காது கொடுத்துக் கேட்க முடியாத மாதிரி இருந்தது அந்தக் குரல்.

தெரியாட்டி போ, நீ எடுத்துக்கின, நீயே இட்டுக்கினு போ, செவ்வாய்க்கிழமை வருவேன், ரெடியா இரு என்றார். படி இறங்கும்போது ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினார். கூடப் போகலாம் என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

சாருலதாவை மட்டும்தானே குறி வைத்தேன்? இந்த அம்மா எங்கே வந்தார் நடுவில்?

நவம்பர் 18, செவ்வாய்

ஆட்டோவில் அழைத்துப் போனேன். சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் சந்தில் ஒற்றை அறை வீடு, மேலே சிமெண்டு ஷீட்டு. புருஷன் இருந்தவரை ரெண்டு பேருமாகப் பட்டன், லேஸ் கடை வைத்திருந்தார்களாம். மகன் ஃபராஸ் துபாயில். வெள்ளிக்கிழமை போன் வரும். "எனக்கும் ஒருத்தன் கீறான். கீறான்னு சொல்லிக்கலாம்" என்று சிரிக்கிறார்.

கண் ஆஸ்பத்திரியில் எப்போதும் கூட்டம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். அடுத்த புதன்கிழமை வேறு யாரோ வர முடியாதாம், அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார்கள். நல்லவேளை. இல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் இந்த அம்மா முகத்தில் நான் விழிக்க முடியாது.

காத்திருக்கும்போது பேச்சு வளர்ந்தது. நான் சாருலதாவைப் படுத்துகிற கதையைச் சொன்னேன். பரண் வரைக்கும். விழுந்து விழுந்து சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் திடீரென்று, அன்னிக்கு இன்னா ஆச்சு உனக்கு என்றார்.

என்றைக்கு என்றேன். பை கொடுத்த அன்றைக்கு என்றார். நீங்கதானே எங்கயோ போகணும்னு பிடிச்சுக்கச் சொன்னீங்க என்றேன்.

"நான் எங்கியும் போவல. தூணாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். நீ போனைப் பாத்த. பாத்துட்டு உன் கை ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. வுழுந்துடப் போறியோன்னு பயந்துட்டேன். கையில எதுனா கனமா இருந்தா ஆட்டம் நிக்கும். அதான் பையைக் குடுத்தேன்."

கண்ணு தெரியலன்னு சொல்றீங்க, இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"ஒரு கண்ணுதான் போச்சு" என்றார்.

அதற்குள் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

நவம்பர் 19, புதன்

அந்த மெசேஜை இன்று எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு தடவை படித்தது. அப்புறம் தொடவே இல்லை. இந்த நோட்டில்கூட, மெசேஜ் போட்டிருந்தாள், சரி, என்று எழுதி மூடிவிட்டேன். என்ன சரி? எது சரி?

"அம்மா, இனிமே ஞாயித்துக்கிழமை எனக்காக சமைக்காத. வாரா வாரம் வரது கஷ்டமா இருக்கு. முடிஞ்சப்ப வரேன்."

அவ்வளவுதான். அவள் அப்பா போனதிலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவள். அப்புறம் ஒன்று விட்டு ஒன்று. அப்புறம் இது. காலையில் சாம்பாரை வைத்து மூடிவிட்டு, ஒரு மணிக்குள் வந்துடுவேண்டி என்று அவளுக்குச் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போயிருந்தேன். வாசலில் நின்று படித்தேன். கூட்டத்தில் யாரோ தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். பை கைக்கு வந்தது. பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

வெயில் இல்லை. கண்தான்.

அந்த முகம் பொய்யில்லை. அதுதான் எரியுது எனக்கு. கேமராக்காரன் ஒண்ணும் தப்பா எடுக்கல. சாருலதா தப்பா எழுதினா, ஆனா தப்பா எழுதலையே. ஐயோ. ஒரு மாசமா அந்தப் பொண்ணைப் பரண்ல ஏத்தி இறக்கினேனே, யாரைடி ஏத்தி இறக்கியிருக்கணும் நான்?

கோபம் போகல. ஆளு மாறிப்போச்சு, அவ்வளவுதான். இப்ப இன்னும் அதிகமா வருது.

நவம்பர் 20, வியாழன்

அனன்யாவுக்கு நானே போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கேம்மா என்றாள். ரெண்டு நிமிஷம் வெளியே வா என்றேன். வந்தாள், கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

சண்டை போடவேண்டும் என்றுதான் போட்டேன். மாமியார், வாட்ஸப், பாலம் எல்லாம் கேட்பதாக இருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"யாருமில்லன்னு அவங்க எழுதினது தப்புதான். ஆனா அன்னிக்கு அந்த வாசல்ல நிக்கும்போது எனக்கு யாரும் இல்ல, அனன்யா. உன் மெசேஜைப் படிச்சுட்டு நின்னேன். அதைத்தான் எடுத்துட்டாங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல என்றாள் ஒருவழியாக. அன்னிக்கு எனக்கே தெரியலடி என்றேன். சரி, மீட்டிங்குக்குப் போ என்று நானே வைத்துவிட்டேன். அவள் வைப்பதற்கு முன்னால் வைத்ததில் ஒரு சின்ன திருப்தி, மறைப்பானேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வரவில்லை. போனும் இல்லை.

நான் சமைக்கவும் இல்லை. ஜெயராமோடு போய் மெஸ்ஸில் சாப்பிட்டேன். ரசம் சுமார்.

நவம்பர் 27, வியாழன்

நேற்று ஹமீதுன்னிசாவுக்கு, இப்போது எனக்கு ஹமீதா அக்கா, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்று கட்டைப் பிரித்தார்கள். முதலில் என்னைப் பார்த்து, ஃபிளெக்ஸுல இன்னும் நல்லா இருந்த என்றார். சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்பதால் சாப்பாடும் என் பொறுப்பு.

சாயங்காலம் சாருலதா வந்தாள். கூப்பிடாமல் வந்தாள். வாசலிலேயே நின்றாள். ஃபிளெக்ஸை இன்றைக்குக் காலையில் இறக்கிவிட்டார்களாம், வண்டிப் படத்தையும் கிழித்தாயிற்றாம். போனிலும் எடுத்துவிட்டாளாம். என்ன திடீரென்று என்றேன்.

உங்க பொண்ணு எனக்குப் போன் பண்ணினாங்க என்றாள்.

என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால், நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அனன்யாவுக்கு என் வாய்.

உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அவள் மறுபடி அரைத்துக் கொடுத்த பொடிதான். குடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேணும்னுதான் செய்யறீங்கன்னு பரண்லயே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, ஆன்ட்டி. கேட்க எனக்கு மூஞ்சி இல்ல."

ஆன்ட்டி. சரி.

விளக்கெண்ணெய் தெரிஞ்சுதா என்றேன். விளக்கெண்ணெயா என்று விழித்தாள். விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

போகும்போது பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். துவைத்து மடித்திருந்தது. மன்னித்துவிட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அந்த ஃபிளெக்ஸை என்ன செஞ்ச என்று கேட்டேன். கீழே வண்டியில் இருக்கிறது, குப்பையில் போடணும் என்றாள். போடாதே, வேலை இருக்கு என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

நேற்றிலிருந்து மழை. ஹமீதா அக்கா வீட்டு ஷீட்டில் இரண்டு இடத்தில் விரிசல். படுக்கைக்கு மேலேயே ஒழுகுகிறது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. காலையில் சாம்பார் வைத்து, அவருக்கு ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு, அம்மாசியை வரச் சொல்லிக் கிளம்பினேன். அம்மாசி கூரைமேல் ஏறி ஃபிளெக்ஸை விரித்தார். நான் கீழே நின்று குடையோடு வழி சொன்னேன். எந்தப் பக்கம் மேல வரணும்மா என்று கேட்டார். முகம் வானத்தைப் பார்க்கட்டும் என்றேன். எழுத்து இருந்த ஓரம் கீழே போய் சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் மடங்கிவிட்டது. ஒரு மூலை மட்டும் காற்றில் படபடத்தது, கயிறு போதவில்லை. என் மஞ்சள் துண்டைக் கொடுத்தேன். முறுக்கிக் குழாயோடு சேர்த்துக் கட்டினார். கெட்டியாக நிற்கிறது.

ஹமீதா அக்கா உள்ளேயிருந்து, ஒழுகல, நின்னுபோச்சு என்று குரல் கொடுத்தார்.

அப்போது போன் அடித்தது. அனன்யா.

"எங்கம்மா இருக்க? வீடு பூட்டியிருக்கு."

என் வீட்டு வாசலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் வந்திருக்கிறாள். குடைக்குள்ளும் மழை என் முகத்தில் அடித்தது. கையைப் பார்த்தேன். ஆடவில்லை.

சாவி ஜெயராம் கிட்ட இருக்கு என்றேன். சாம்பார் அடுப்புமேல இருக்கு, சூடு பண்ணிக்கோ, அப்பளம் டப்பாவில. நீ எப்ப வருவ என்றாள். எனக்கு வேலை இருக்கு, முடிஞ்சப்ப வரேன் என்றேன்.

அவளுடைய வார்த்தைதான். அவளுக்கும் தெரிந்தது. சரிம்மா என்றாள், ரொம்பச் சின்னக் குரலில்.

வேலை ஒன்றும் இல்லை. கட்டி முடித்தாகிவிட்டது. ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அக்காவுக்குச் சோறு போட்டேன். மருந்து விட்டேன். அவர் புருஷன் கடை வைத்த கதையை இன்னொரு தடவை கேட்டேன். காத்திருக்கட்டும். எத்தனை ஞாயிறு நான் காத்திருந்தேன், ஒரு மதியம் அவள் இருக்கட்டும். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இப்போது ரெண்டு கண்ணாலும். பொண்ணு வந்துக்கீது, நீ இன்னாத்துக்கு இங்க குந்திக்கினு கீற என்றார். தட்டை எடுத்துக் கழுவினேன்.

அம்மாசி வண்டியில் விடுகிறேன் என்றார். வேண்டாம் என்று நடந்தே வந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். குளத்தைத் தாண்டுகிற வரை மெதுவாக. எங்கள் தெரு திரும்பியதும் கொஞ்சம் வேகம் வந்துவிட்டது, காலைக் குறை சொல்ல முடியாது.

கதவு திறந்திருந்தது. சாம்பார் சூடாக இருந்தது. ரெண்டு தட்டு வைத்திருந்தாள். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.